ஒவ்வொரு சொல்லுக்கும்

பிஷப் இல்லாத ஒரு சபையை எது கட்டிக் காக்கிறது? இந்தப் பத்திரிகையைப் படிக்கிற சிலருக்கு இது சம்பந்தமில்லாத கேள்வியாகத் தோன்றலாம். கவிதைக்கும் விமர்சனத்துக்கும் உரிய பக்கங்களில் சர்ச் விவகாரம் எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கக்கூடும். ஆனால் கேள்வியைச் சற்றுத் திருப்பிப் போட்டால் அது நம்முடையதாகிவிடுகிறது. ஒரு ஆள் சொல்வதற்குக் கட்டுப்படாமல், எழுதிவைத்த ஒரு வாசகத்துக்குக் கட்டுப்பட்டுப் பலர் சேர்ந்து ஒரு ஸ்தாபனத்தை நடத்த முடியுமா? முடியும் என்றால், அந்த வாசகத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்கள் கட்டுப்பட்டவர்களா, அல்லது மொத்தத்தில் அதன் சாரத்துக்கு மட்டுமா? சொல்லைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிற யாரும் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

எனக்கு இது இப்போது அவசரமாகியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நான் சிக்கலில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தர். கடலாடி வட்டத்தில், வேலிக்கருவைக் காட்டுக்கும் மிளகாய்க் கொல்லைக்கும் நடுவில் இருக்கிற ஊர். பஸ் ஏறிப் போகும் தூரத்தில் ஒரு சின்ன சி.எஸ்.ஐ. சபை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவேன். அந்தச் சபையின் மூத்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், சென்ற மாதம் கிளைக்கு வந்திருந்தார். கவுண்டருக்கு வெளியே நின்றபடியே சொன்னார்: "தம்பி, கமிட்டி எலெக்சன் வருது. ஒங்க பேரையும் எழுதிக் குடுக்கப் போறோம். பேங்க்ல இருக்கீக, கணக்கு வழக்கு ஒங்களுக்குத் தெரியாததா?" "ஐயா, நான் விசுவாசத்துல அரைகுறையான ஆளு" என்றேன். "அதெல்லாம் யாரு கேக்கப் போறா?" என்றார். கேலி இல்லை, எனக்குத் தைரியம் சொல்கிற குரல்.

யாரும் கேட்கப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மரபு இருந்தது. என் குடும்பத்திலேயே இருந்தது. அம்மாவின் தாத்தா ஆற்காட்டுப் பக்கம் ஒரு சபையில் மூப்பர். ஆற்காடு மிஷன், அமெரிக்காவுக்குக் குடியேறிய டச்சுக்காரர்களின் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தது. ஸ்கடர் சகோதரர்கள் 1853ல் தொடங்கியது. மூப்பராகிறவர் சபையின் விசுவாச அறிக்கைக்குச் சம்மதம் தெரிவிக்கவேண்டும். அதற்கு முந்தின இரவு தாத்தா தூங்கவில்லை என்று பாட்டி சொல்வாள். இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரர். ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவன் பயப்படுவதுபோல அவர் பயந்திருக்கிறார். பாட்டிக்கு அது ஒரு பெருமை. அந்தப் பயத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும் படிக்கவேண்டியிருந்தது.

பிரஸ்பிட்டர் என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூப்பர் என்று பொருள். ஜெனீவாவில் கால்வினும் ஸ்காட்லாந்தில் ஜான் நாக்ஸும் உருவாக்கிய வழியில் வந்தது பிரஸ்பிட்டேரியன் ஏற்பாடு. ஒரு சபையை அதன் போதகரும் சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்களும் சேர்ந்து ஆள்வார்கள். பல சபைகளுக்கு மேல் ஒரு பிரஸ்பிட்டரி, அதற்கு மேல் சினாடு, எல்லாவற்றுக்கும் மேல் பொதுச்சபை. எந்தப் படியிலும் தனி ஆள் கிடையாது, கூட்டங்கள்தான். ஸ்காட்லாந்துப் பொதுச்சபையின் தலைவர் ஒரு வருஷம் நாற்காலியில் இருந்துவிட்டு மறுபடி சாதாரணப் போதகராகிவிடுகிறார்.

பிஷப் உள்ள சபையில் அதிகாரத்தின் தொடர்ச்சி ஆள் வழியாக வருகிறது. ஒருவர் தலைமீது இன்னொருவர் கை வைக்கிறார். அவர் தலைமீது முன்பு வேறொருவர் கை வைத்திருந்தார். பிரஸ்பிட்டேரியன்களுக்கும் கை வைத்தல் உண்டு. ஆனால் அது ஒரு கூட்டத்தின் கை. அந்தக் கூட்டம் தப்பான வழியில் போனால் இழுத்துப் பிடிப்பது யார்? பைபிள் என்பார்கள். பைபிளை ஆளுக்கொரு விதமாகப் படிக்கலாமே? அங்கேதான் விசுவாச அறிக்கை வருகிறது. பைபிளிலிருந்து நாங்கள் இன்னின்னதைப் புரிந்துகொண்டோம் என்று தேதி போட்டு, அத்தியாயம் பிரித்து எழுதி வைப்பது.

இவற்றில் பெரியது வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை. இங்கிலாந்தில் அரசருக்கும் பார்லிமென்டுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தபோது பார்லிமென்ட் 1643ல் கூட்டிய மதகுருக்கள் சபை எழுதியது, 1646ல் முடிந்தது. 33 அத்தியாயங்கள். எந்தப் பார்லிமென்டுக்காக எழுதப்பட்டதோ அந்த நாட்டில் அது நிலைக்கவில்லை. ஸ்காட்லாந்து 1647ல் ஏற்றுக்கொண்டு, தன் மிஷனரிகளின் பெட்டியில் வைத்து உலகமெங்கும் அனுப்பியது.

அதை வைத்து அவர்கள் ஆண்ட விதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. சபையின் சாதாரண உறுப்பினர் யாரும் அந்த அறிக்கைக்குக் கையெழுத்துப் போடவேண்டியதில்லை. கிறிஸ்துவை நம்புகிறேன் என்று சொன்னால் போதும். போதகரும் மூப்பரும் மட்டுமே ஒப்புக்கொடுக்கவேண்டும். ஆளப்படுகிறவனுக்கு நம்பிக்கை போதும், ஆள்கிறவன்தான் வாசகத்துக்குக் கட்டுப்பட்டவன். விசுவாச அறிக்கை என்றதும் விசுவாசிகளின் கழுத்தில் கட்டிய கயிறு என்றே நாம் நினைக்கிறோம். ஏற்பாட்டின்படி அது ஆட்சியாளர்களின் கழுத்தில் கட்டியது. கடைசி பெஞ்சில் இருப்பவன் எழுந்து, நீங்கள் கையெழுத்துப் போட்டது இது, செய்வது அது என்று கேட்க முடியும். கேட்பதற்கு அவன் கையில் ஒரு தாள் இருக்கிறது.

தமிழில் இதைச் சொல்லும்போது இரண்டு சொற்கள் குறுக்கே வருகின்றன. வங்கியில் சேர்ந்தபோது நானும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டேன். வங்கி தேசியமயத்துக்கான 1970ஆம் வருஷத்துச் சட்டத்தில் அதன் மாதிரி படிவம் அட்டவணையாகவே இருக்கிறது. தமிழில் விசுவாச, ரகசிய உறுதிமொழி என்று சொல்லவேண்டும். எஜமானிடம் நாய்க்கு இருப்பதும் விசுவாசம், ஆண்டவரிடம் ஆத்துமாவுக்கு இருப்பதும் விசுவாசம். அறிக்கை என்பதும் அப்படித்தான். கட்சித் தலைவர் விடுவது அறிக்கை, வங்கி வருஷந்தோறும் அச்சடிப்பது அறிக்கை, முழங்காலில் நின்று பாவத்தைச் சொல்வதும் அறிக்கை. பைபிளைத் தமிழாக்கியவர்கள் அறிக்கையிடுதல் என்று எழுதியபோது மனசில் இருந்ததை எல்லார் காதிலும் விழும்படி சொல்வது என்ற பொருளில்தான் எழுதினார்கள். நம் பேச்சில் அந்தப் பொருள் தேய்ந்துபோய், மேலேயிருந்து கீழே வருகிற காகிதம் என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது. 'விசுவாச அறிக்கை' என்ற தொடரைத் தமிழ்க் காதோடு கேட்கிறவனுக்கு எஜமானுக்கு எழுதிக்கொடுத்த கடுதாசி என்று தோன்றினால் ஆச்சரியமில்லை.

மரபின் கெட்ட பக்கத்தையும் சொல்லியாகவேண்டும். 1831ல் ஜான் மக்லியோட் கேம்பல் என்ற போதகரை ஸ்காட்லாந்துப் பொதுச்சபை பதவியிலிருந்து விலக்கியது. கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்று பிரசங்கித்ததுதான் குற்றம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்காக மட்டும் என்பது வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையின் நிலை. அவர் பைபிளைக் காட்டினார். அவர்கள் அறிக்கையைக் காட்டினார்கள். பைபிளுக்குக் கீழ்ப்பட்டது என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிற ஒரு வாசகம், நடைமுறையில் பைபிளின் வாயை அடைத்தது. எங்கள் கிளையில் நகைக்கடனுக்கு மதிப்பீடு செய்கிற ஆசாரி உரைகல்லை அடிக்கடி மெழுகு ஒற்றித் துடைப்பார். பழைய உரசல் மேலே கிடந்தால் புதுத் தங்கத்தின் நிறம் தெரியாது. 1831ல் கல்லை யாரும் துடைக்கவில்லை.

இன்னொரு ஆபத்து அதைவிட விசித்திரமானது. 1900ல் ஸ்காட்லாந்தின் சுதந்திரச் சபையும் ஐக்கியப் பிரஸ்பிட்டேரியன் சபையும் இணைந்தன. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை நடத்திவந்தது அந்தச் சுதந்திரச் சபைதான். இணைப்பை ஏற்காத ஒரு சிறுபான்மை, பெரும்பாலும் மேட்டுநிலப் பகுதிக்காரர்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். சபை தன் மூலக் கொள்கையிலிருந்து விலகிவிட்டது, ஆகவே சொத்து எங்களுக்கு என்பது வாதம். 1904 ஆகஸ்ட் 1ஆம் தேதி பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தச் சிறுபான்மைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். நூற்றுக்கணக்கான கோயில்களும் கல்லூரிகளும் நிதிகளும் முப்பது போதகர்கள்கூட இல்லாத ஒரு சின்னக் கூட்டத்துக்கு என்றாகிவிட்டது. அதைச் சரிசெய்ய 1905ல் பார்லிமென்ட் தனிச் சட்டம் போடவேண்டியிருந்தது. முன்குறிப்பு என்ற தத்துவத்தை ஒருவன் எந்த அளவுக்கு நம்பவேண்டும் என்பதை லண்டனில் வக்கீல்கள் வாதாடினார்கள். விசுவாச அறிக்கை, டிரஸ்ட் பத்திரமாகப் படிக்கப்பட்டது.

அதே 1904 டிசம்பரில் அலகாபாத்தில் வேறொன்று நடந்தது. இந்தியாவில் இருந்த பல பிரஸ்பிட்டேரியன் மிஷன்களின் சபைகள் ஒன்றாகி, 'இந்தியப் பிரஸ்பிட்டேரியன் சபை' என்று பெயர் வைத்துக்கொண்டன. 33 அத்தியாய அறிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் 12 பிரிவுகளில் புதிதாக ஓர் அறிக்கை வைத்தன. தாய்ச் சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர், வேல்ஸ், டார்ட் அறிக்கைகளை நாங்கள் நிராகரிக்கவில்லை, மதித்துப் பரிந்துரைக்கிறோம், ஆனால் எங்கள் போதகரும் மூப்பரும் கையெழுத்துப் போடவேண்டியது இதற்குத்தான் என்று முகவுரையில் சொல்லிக்கொண்டன. 1907ல் கொரியப் பிரஸ்பிட்டேரியன் சபை தனக்கென ஓர் அறிக்கை வேண்டும் என்றபோது, சிறு மாற்றத்தோடு எடுத்துக்கொண்டது இந்தப் 12 பிரிவுகளைத்தான். பெரிய பாட்டன் சொத்தை வாங்கிக்கொண்டு, தான் சுமக்கக்கூடிய அளவுக்கு அதைச் சுருக்கிக்கொண்ட நடத்தை எனக்குப் பிடித்திருக்கிறது.

தெற்கே நிலைமை வேறு. சென்னையின் ஸ்காட்லாந்து மிஷன் சபைகளும் ஆற்காடு மிஷன் சபைகளும் பிரஸ்பிட்டேரியன். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் அமெரிக்க மிஷன்களும், திருவிதாங்கூரில் லண்டன் மிஷனும் நடத்திவந்த சபைகள் காங்கிரிகேஷனல். அதாவது ஒவ்வொரு சபையும் தனக்குத் தானே ராஜா என்ற கட்சி. இந்த இரண்டு வழிகளும் 1908ல் சேர்ந்து 'தென்னிந்திய ஐக்கிய சபை' ஆயின. தாத்தா மூப்பராக இருந்தது இந்தச் சபையில். ஒரு சுருக்கமான விசுவாச அறிக்கையையும் வைத்துக்கொண்டார்கள். அதோடு ஒரு விளக்கமும் சேர்த்தார்கள். இந்த அறிக்கை மனிதர் செய்த கருவி. இதற்குச் சம்மதிப்பவர்கள் இதன் ஒவ்வொரு சொல்லுக்கும் சொற்றொடருக்கும் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ளவில்லை. நாம் பொதுவாக ஏற்கும் உயிரான உண்மைகள் இதில் சாரமாக இருக்கின்றன என்றே ஏற்கிறார்கள். இப்படிப் போகிறது விளக்கம்.

முதலில் படித்தபோது அதன் பெருந்தன்மை என்னைக் கவர்ந்தது. கேம்பலைத் துரத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள்! ஒரு சொல்லுக்காக யாரையும் இனி வெளியே தள்ளமாட்டோம் என்கிறார்கள். இரண்டாவது முறை படித்தபோது வேறொன்று உறுத்தியது. ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டுப்படாதவன் எந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன்? சாரம் என்பது எங்கே இருக்கிறது? சொற்களைத் தள்ளிவிட்டால் சாரம் தனியாக எந்தப் பாத்திரத்தில் மிஞ்சும்? தாத்தாவுக்கு இந்த விளக்கத்தை யாரோ படித்துக் காட்டியிருக்கத்தான் வேண்டும். அப்படியும் அவர் தூங்கவில்லை.

கதையின் அடுத்த கட்டம் பலருக்குத் தெரிந்தது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 போதகர்கள் கூடினார்கள். இருவர் தவிர அனைவரும் இந்தியர்கள். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப்பான வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களில் முக்கியமானவர். நம்மைப் பிரித்தவை நம் சண்டைகள் அல்ல, மேற்கிலிருந்து வந்து சேர்ந்த சண்டைகள் என்ற உணர்வு அங்கே பலமாக இருந்தது. பேச்சு 28 வருஷம் நடந்தது. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதைப் பார்க்க உயிரோடில்லை.

பிரஸ்பிட்டேரியன் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த நாளில் ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்தது. பிஷப்பை ஏற்றுக்கொண்டார்கள். அதோடு, உறுப்புச் சபைகளின் பழைய அறிக்கைகள் எதுவும் ஒன்றுபட்ட சபையின் ஆட்சிக்கு அளவுகோல் அல்ல என்றாயிற்று. வேதாகமமும், அதற்குச் சாட்சியாக அப்போஸ்தலர் பிரமாணமும் நிசேயா பிரமாணமும் போதும். இணைப்பின் அடிப்படையில் இங்கேயும் ஒரு விளக்கம் வந்தது: இந்தப் பிரமாணங்களின் ஒவ்வொரு சொல்லையும் சொற்றொடரையும் தனி நபர்கள் ஒப்புக்கொள்ளவேண்டும் என்று கேட்பதாகாது, நியாயமான வியாக்கியான சுதந்திரம் உண்டு. 1908ன் குரல்தான். 1908ல் மூப்பர் கையெழுத்துப் போடுகிற அறிக்கையைப் பற்றிச் சொன்னதை, 1947ல் சபை முழுவதும் நின்று சொல்கிற பிரமாணத்தைப் பற்றிச் சொன்னார்கள். இந்த இடமாற்றத்தை யாரும் பெரிதாகப் பேசியதாக நான் பார்க்கவில்லை.

அன்று பிஷப்பானவர்களில் ஒருவர் லெஸ்லி நியூபிகின். வயது 37. 1936ல் எடின்பரோ பிரஸ்பிட்டரியில் போதகராகி, காஞ்சிபுரத்தில் பணி செய்தவர். பிஷப்பே வேண்டாம் என்ற சபையிலிருந்து வந்து பிஷப்பானார். அவருக்குக் கொடுத்தது எங்கள் பக்கம்தான்: மதுரை-இராமநாதபுரம் திருமண்டலம். மதுரைப் பக்கம் அமெரிக்கக் காங்கிரிகேஷனல் சபைகள். இராமநாதபுரச் சீமையில் ஆங்கிலிக்கன் வழி வந்த சபைகள். நடுவில் ஒரு ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன். 1948லேயே இந்த இணைப்பை நியாயப்படுத்தி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 1951ல் வந்த அவருடைய தென்னிந்திய நாட்குறிப்பில் கிராமம் கிராமமாக அலைகிற பிஷப்பைப் பார்க்கலாம். வாசகத்தால் ஆளப்பட்ட மரபில் வளர்ந்தவர், ஆளாக நடந்துபோய் ஆண்டார். நல்ல ஆள் நடந்து வந்தால் வாசகம் தேவையில்லை என்று தோன்றுவது இயற்கை. வாசகத்தின் தேவை நல்ல ஆட்கள் போன பிறகுதான் தெரியும்.

அந்த இணைப்பைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஒரே தெருவில் மூன்று கோயில் கட்டிக்கொண்டு மூன்று தேசத்துச் சண்டையைப் போட்டுக்கொண்டிருப்பதைவிட அது எவ்வளவோ மேல். பிரஸ்பிட்டேரியன் பெயரோடும் அமைப்போடும் மிசோரமிலும் மேகாலயாவிலும் வேல்ஸ் மிஷன் வழியில் வந்த சபை இன்றும் இருக்கிறது. இங்கே பிரஸ்பிட்டர் என்ற சொல், போதகரைக் குறிப்பதாக சி.எஸ்.ஐ.யில் மிஞ்சியிருக்கிறது. குருப்பட்டம் பெறுகிறவரிடம் வாக்குறுதி வாங்கத்தான் செய்கிறார்கள். நான் கேட்பது வேறு. ஆளுகிறவர்களைப் பார்த்து ஆளப்படுகிறவன் நீட்டக்கூடிய தாள் எது?

இப்போது சண்டை எதைப் பற்றி நடக்கிறது என்று பார்த்தால் பதில் தெரியும். பிஷப்புகளின் ஓய்வு வயதை 67லிருந்து 70 ஆக்குகிற திருத்தம் முறைப்படி நிறைவேறியதா, தலைமைப் பேராயர் தேர்தல் செல்லுமா என்றெல்லாம் வழக்குகள் நடந்தன. 2024ல் சென்னை உயர்நீதிமன்றம் சினாடின் நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமித்தது. 1904ல் வக்கீல்கள் முன்குறிப்பைப் பற்றி வாதாடியது அபத்தம்தான். ஆனால் அது விசுவாசத்தைப் பற்றிய அபத்தம். 120 வருஷம் கழித்து நாம் வாதாடுவது வயதைப் பற்றி. எனக்கு முந்தையது மேலாகத் தோன்றுகிறது என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

விமர்சகன் என்ற முறையில் எனக்குத் தெளிவாகியிருப்பது இதுதான். பிரமாணம் வேறு, அறிக்கை வேறு. நிசேயா பிரமாணத்தைச் சபை நின்றுகொண்டு, ஒரே குரலில், கிழக்கும் மேற்கும் தெரியாத குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு சொல்கிறது. அது கவிதைக்குப் பக்கத்தில் இருப்பது. அதன் ஒவ்வொரு சொல்லையும் தனியே பிரித்து, இதை ஒப்புகிறாயா என்று கேட்பது கவிதையை வாக்குமூலமாக்குகிற காரியம். கடைசி பெஞ்சில் நான் அதைச் சொல்லும்போது பொய் சொல்வதாக எனக்குத் தோன்றுவதில்லை. என்னைவிடப் பெரிய குரல் ஒன்றில் என் குரலைச் சேர்க்கிறேன். அங்கே வியாக்கியான சுதந்திரம் சரி. அறிக்கை அப்படியல்ல. அது விமர்சனத்துக்குப் பக்கத்தில் இருப்பது. இன்ன வருஷம், இன்னார், இந்தக் கேள்விக்கு எதிராக எழுதியது என்று முகவரியோடு வருவது. அதன் சொற்களுக்குச் சாரத்தில் மட்டும் பொறுப்பு என்று சொல்கிற விமர்சகனை நாம் விமர்சகன் என்று ஒப்புவதில்லை. சேர்ந்து சொல்வதற்கான வாசகத்தில் தாராளம் வேண்டும். ஆள்வதற்கான வாசகத்தில் கறார் வேண்டும். கறாராக இருக்கவேண்டுமென்றால் சொற்கள் குறைவாக இருக்கவேண்டும். 33 அத்தியாயத்துக்கு ஒருவனும் முழுக்க உண்மையாக இருக்க முடியாது. ஐந்து வாக்கியத்துக்கு முடியும்.

ஐந்து என்று சும்மா சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவின் டச்சுச் சீர்திருத்த மிஷன் சபை 1982ல் வரைந்து 1986ல் ஏற்றுக்கொண்ட பெல்ஹார் அறிக்கையில் பிரிவுகள் ஐந்து. கேப் மாகாணத்தின் டச்சுச் சபை 1857ல், சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, வெள்ளையரல்லாதவர்கள் தனியாகக் கூடலாம் என்று அனுமதித்தது. 1881ல் அவர்களுக்கென்று தனிச் சபையே ஆயிற்று. அந்தச் சபைதான், பிறப்பையும் நிறத்தையும் வைத்து மனிதர்களைப் பிரிப்பதற்குத் தெய்வ நியாயம் காட்டுகிற எந்தப் போதனையையும் நிராகரிக்கிறோம் என்று எழுதியது. ஒதுக்கப்பட்டவர்கள் ஒதுக்கியவர்களிடம் நீட்டிய தாள் அது. கால்வின் மரபில் வந்த அறிக்கை என்ற பழைய கருவியைத்தான் அவர்கள் எடுத்தார்கள், துடைத்துவிட்டு எடுத்தார்கள்.

பலவீனத்தை முன்னிட்டு என்ற வாதம் நமக்குப் புதிதல்ல. 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வித்தியாசத்தை விட்டொழிக்கவேண்டும் என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே போனார்கள். வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரிய கவிஞரே சாதி வழக்கத்துக்காக வாதாடினார். வில்சன் சொன்னது சரி. ஆனால் அது மேலேயிருந்து வந்த உத்தரவு. உத்தரவுக்குப் பணியலாம், அல்லது ஓடலாம். தான் கையெழுத்துப் போட்ட வாசகத்திலிருந்து அவ்வளவு சுலபமாக ஓட முடியாது. நிசேயாவில் கூடியவர்களுக்குச் சாதி தெரியாது. வெஸ்ட்மின்ஸ்டரில் கூடியவர்களுக்கும் தெரியாது. 1957ல் முதுகுளத்தூர்க் கலவரம் நடந்த இந்த வட்டாரத்தில், கமிட்டிக்கு யார் யார் என்பதைத் தீர்மானிக்கும்போது எது முதலில் கணக்கில் வருகிறது என்பதை நான் எழுதித்தான் வாசகர்கள் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதில்லை.

ஆசிரியரிடம் நான் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று வாக்கியம். ஆண்டவருக்கு முன்பாக மேல் கீழ் இல்லை என்று நம்புகிறோம், ஆகவே எந்தப் பொறுப்புக்கும் சாதி பார்க்கமாட்டோம். சபையின் பணம் எங்களுடையதல்ல என்று நம்புகிறோம், ஆகவே கணக்கு மாதந்தோறும் கோயில் வாசலில் வாசிக்கப்படும். நாங்கள் தப்புவோம் என்று நம்புகிறோம், ஆகவே சபையார் யாரும் எங்களைக் கேட்கலாம், கேட்டவர்மேல் வருத்தப்படமாட்டோம். கமிட்டிக்கு வருகிற எல்லாரும் இதில் கையெழுத்துப் போடுவதானால் நானும் போடுகிறேன் என்றேன். வாசித்துவிட்டு, "இது விசுவாசமா தம்பி, சங்கத்து விதி மாதிரியில்ல இருக்கு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. 'ஆகவே'க்குப் பின்னால் இருப்பது விதி. முன்னால் இருப்பது விசுவாசம். விதியை மெஜாரிட்டி மாற்றிவிடலாம். நம்பிக்கையை மாற்றவேண்டுமானால் மாற்றிவிட்டோம் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லவேண்டியிருக்கும். சொல்லக் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சம்தான் ஆட்சிக்கு வேண்டியது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

கடைசியாக நம் விஷயம். 'எழுத்து' தொடங்கிய 1959லிருந்து எத்தனையோ பத்திரிகைகள் முதல் இதழில் தங்கள் நிலையைச் சொல்லிக்கொண்டு வந்தன. பிறகு பிரிந்தோம், பிரிந்தவர்கள் வேறு பத்திரிகை தொடங்கி இன்னொரு நிலையைச் சொன்னோம். முதல் இதழில் எழுதிய எந்தச் சொல்லை மீறியதற்காகப் பிரிந்தோம் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது, ஆட்களுக்காகப் பிரிந்தோம். பிஷப் வேண்டாம் என்று வெளியே வந்தவர்கள்தான் நாம் எல்லாரும். வாசகத்துக்கும் கட்டுப்படவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையில் 31ஆவது அத்தியாயம் சபைக் கூட்டங்களைப் பற்றியது. அப்போஸ்தலர் காலத்துக்குப் பிறகு கூடிய எந்தக் கூட்டமும் தவறக்கூடியது, பல தவறியும் இருக்கின்றன, ஆகையால் அவற்றின் முடிவுகளைத் துணையாகக் கொள்ளலாமே தவிர விசுவாசத்துக்கு அளவாகக் கொள்ளக்கூடாது என்கிறது. எழுதியவர்களே அப்படி ஒரு கூட்டம்தான். தங்களுக்கு எதிராகப் பிறர் எடுத்துக்காட்டக்கூடிய வாக்கியத்தைத் தாங்களே எழுதிவைத்துவிட்டுக் கலைந்தார்கள். நம்முடைய முதல் இதழ்களில் நான் தேடிப் பார்த்தவரை அப்படி ஒரு வாக்கியம் இல்லை.